மாசிலாமணியின் மணி

“டீச்சர், வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்,” என்றார் மாசிலாமணி.

அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஜெபமலர் டீச்சர் அவரைவிட இளையவர். ஆனாலும் நெட்வொர்க் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த டீச்சர்தான்.

“என்ன ஆச்சு?”

“ஆஸ்பத்திரியில எல்லாக் கம்ப்யூட்டரும் என் சர்வரைக் கேட்டுத்தான் நேரம் வச்சுக்குது. லேப் மட்டும் வெளியில, இன்டர்நெட்லேர்ந்து வாங்குது. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷத்துக்கு மேல பிசகினா, லேப் யாரையும் உள்ளே விடாது.”

“இப்போ பிசகிடுச்சா?”

“காலையிலேர்ந்து ஒரு ரிப்போர்ட்டும் திறக்கலை. டெங்குக் குழந்தை ஒண்ணு படுத்திருக்கு. ரத்தத்துல தட்டணு எண்ணிக்கை ஏறிச்சா இறங்கிச்சான்னு தெரியாம அதோட அம்மா வாசல்லயே நிக்கிறாங்க.”

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார்.

“நர்ஸுங்க சொல்றாங்க, நான் பேர்ல மட்டுந்தான் மாசில்லாத மணியாம்.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நேரத்தைத் திருத்தினீங்களா?”

“தினமும் திருத்தறேன். திருத்தத் திருத்தப் பின்னாடியே போகுது.”

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய், செல்போன்களை வெளியே வைத்துவிட்டு சர்வர் அறைக்குள் நுழைந்தார்கள்.

“இப்போ மணி என்ன?”

மாசிலாமணி கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வார்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்தேகால்.”

“இதைப் பாத்துத்தான் திருத்துவீங்களா?”

“ஆமா. உள்ளே போன் கூடாதே.”

டீச்சர் கதவைத் திறந்தார். வார்டு நர்ஸ் ஸ்டெல்லா மேசையில் இருந்தார்.

“சிஸ்டர், அந்தக் கடிகாரம் சரியா ஓடுதா?”

“எங்க மேடம்! நின்னு நின்னு ஓடும். நான்தான் தினமும் சரிபண்ணி வைக்கிறேன்.”

“எதைப் பாத்து?”

“கம்ப்யூட்டரைப் பாத்துத்தான்.” ஸ்டெல்லா பெருமையோடு சொன்னார். “சாரோட சர்வர் நேரமாச்சே.”

டீச்சர் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார்.

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சர்வர் இனி வெளியே கேட்டு நேரம் வாங்கும்படி மாற்றினார்.

திரையில் நேரம் ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் போய் நின்றது.

“திறந்துடுச்சு!” வெளியே ஸ்டெல்லா கத்தினார். “தட்டணு ஏறியிருக்கும்மா, ஏறியிருக்கு!”

வாசலில் நின்றிருந்தவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானைக்குள் முகம் புதைந்தது.

ஸ்டெல்லா ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார்.

“மணி எவ்வளவு வைக்கட்டும், சார்?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது.

“எனக்குத் தெரியாது, சிஸ்டர். கேட்டுச் சொல்றேன்.”