குப்பண்ணன் இறக்கி வைத்த எடை

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற சாலையில் கோணங்காட்டுப் பிரிவு என்று ஓர் இடம். அங்கே எடைமேடை வைத்திருக்கிறேன். லாரி வரும், மேடையில் ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். எடை சொல்வதுதான் என் வேலை, கருத்துச் சொல்வது இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கொள்கையால் எனக்கு ஒரு சண்டையும் வந்ததில்லை. இந்தக் கதையில் நடந்த குளறுபடிக்கும் நான் பொறுப்பில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மேடைக்குப் பக்கத்துக் கொட்டகை லாரி பாடி கட்டுகிற பட்டறை. மூன்று அண்ணன் தம்பிகள் நடத்துகிறார்கள். மூத்தவர் செங்கோடன். தச்சு வேலையும் யோசனை சொல்வதும் அவர் பொறுப்பு. நடுவில் குப்பண்ணன், பெயிண்டர், நூறு கிலோ ஆள். கடைசி ராக்கியண்ணன், வெல்டிங். மூன்று பேருக்கும் தங்கமான மனசு. மனசுக்கு மேலே இருக்க வேண்டியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இவர்களுக்கு ஒரே தங்கை, கோகிலவாணி. ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அண்ணன்மாருக்குச் சேர வேண்டிய மூளையும் அந்தப் பெண்ணுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு வருஷச் சேமிப்பில் ஒரு சிவப்புக் கார் வாங்கியிருந்தாள். வேகமாக ஓடுகிற கார். சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் மைதானத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுபோய் இருபது நிமிஷம் ஓட்டலாமாம். போன வருஷம் வாணி ஒரு சுற்றை இரண்டு நிமிஷம் பதினாலு செகண்டில் சுற்றினாள். அவளோடு வேலை பார்க்கிற சுதர்சன் என்பவன் இரண்டு நிமிஷம் பதினொன்றில் சுற்றிவிட்டு, “லாரிக்காரர் வீட்டுப் பொண்ணுதானே, லோடு ஏத்திக்கிட்டுப் போற பழக்கம் விடலை” என்று நாலு பேர் நடுவில் சிரித்திருக்கிறான். வாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் அவன் நேரத்தை முந்தாவிட்டால் அவன் கேட்கிற விலைக்கே காரை அவனுக்குக் கொடுத்துவிடுவதாக வாய் விட்டுவிட்டாள்.

அந்த அடுத்த வருஷம் வந்தது. ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டாள்.

“பெரியண்ணா, இன்ஜின் வேலை, பிரேக் வேலையெல்லாம் ஓசூர்லயே முடிச்சுட்டேன். மிச்சம் நாலு வேலை இருக்குது. எனக்கு லீவு இல்லை. இந்தத் தாள்ல எழுதியிருக்கறதை மட்டும் செய்யுங்க. உங்க மூளையைப் போட்டு எதையும் சேர்க்க வேண்டாம்.”

“அதைத் தொடவே மாட்டோம் கண்ணு,” என்றார் செங்கோடன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். நூறு கிலோ எடை குறைக்கணும். உள்ளே எதுவும் ஆடக் கூடாது. டயர் சூடாகாமல் வேகமாக ஓட்டக் கூடாது. கதவில் ஏழாம் நம்பர் எழுதணும்.

திங்கட்கிழமை காலையில் காரை என் மேடையில் ஏற்றினார்கள். உருண்டுவிடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு குப்பண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. ராக்கியண்ணன் ஸ்டெப்னியைக் கழற்றிக் கீழே வைத்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, பக்கத்து சீட்டைக் கழற்றினார். அதே ஆயிரத்து இருநூற்று நாற்பது.

என் மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். கரும்பு லாரிக்கு அது போதும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

மத்தியானம் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பாட்டுப் பெட்டி, கண்ணாடி, டிக்கி மூடி, கால்மிதி. எதைக் கழற்றினாலும் எண் அசையவில்லை. அசையாததை எதற்கு வெளியே போட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் திருப்பி மாட்டினார்கள். கடைசியில் மூன்று பேரும் யோசித்தார்கள். குப்பண்ணன் உள்ளே இருந்தபடியே யோசித்தார்.

“சீட்டுக்கு எடை இல்லை. ஸ்டெப்னிக்கு எடை இல்லை,” என்றார் செங்கோடன். “தனித்தனியா எதுக்குமே எடை இல்லை. சேர்ந்து நின்னா மட்டும் ஆயிரத்து இருநூத்து நாப்பது. அப்ப இது எங்கிருந்துடா வருது?”

“சேர்ந்து நிக்கறதுலதான் இருக்குங்ண்ணா,” என்றார் ராக்கியண்ணன். “நம்ம மூணு பேரும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கறோம். சேர்ந்தாத்தான் சனங்க பேசுது.”

குப்பண்ணனுக்கு டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். எண் சரசரவென்று இறங்கி ஆயிரத்து நூற்று நாற்பதில் நின்றது.

மூன்று பேரும் எண் விழுகிற பலகையைப் பார்த்தார்கள். பிறகு குப்பண்ணனைப் பார்த்தார்கள்.

“நூறு கிலோ,” என்றார் செங்கோடன். “பாப்பா கேட்டது அச்சா நூறு கிலோ. குப்பா, உன்கிட்டத்தான் இருந்திருக்குது.”

இதோடு நின்றிருந்தால் ஒரு கதையும் இல்லை. ஆனால் தங்கை மேல் அவர்களுக்கு உயிர். நூறு கேட்டவளுக்கு நூறே கொடுத்தால் கூடப் பிறந்ததற்கு என்ன அர்த்தம்? குப்பண்ணன் ஒரு தடவை இறங்கினால் நூறு குறைகிறது, இன்னொரு தடவை இறங்கினால் இன்னொரு நூறு.

“இறங்கணும்னா மறுபடி ஏறணுமேங்ண்ணா. ஏறும்போது எடை ஏறாதா?” என்று ராக்கியண்ணன் கேட்டார். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான்.

செங்கோடன் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். “ஏத்தறதைப் பத்தி பாப்பா ஒண்ணும் எழுதலை. குறைக்கத்தான் எழுதியிருக்குது. எழுதாததை நாம செய்ய வேண்டாம்.”

காரைப் பட்டறை முன்னால் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் குப்பண்ணன் ஏறினார், இறங்கினார். ஏறினார், இறங்கினார். நடுவில் அவருக்கு எட்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள், தின்றால் இறங்கும்போது இன்னும் ஒரு கிலோ சேர்ந்து குறையும் என்று. மேடையில் இறங்கியதையும் சேர்த்துப் பதினோராவது தடவை இறங்கியதும் செங்கோடன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“போதும்டா. இப்ப நூத்து நாப்பது கிலோதான் இருக்குது. இன்னும் ரெண்டு தடவை இறங்கினா பூஜ்யத்துக்குக் கீழ போயிரும்.”

“போனா என்னாகுமுங்ண்ணா?” என்றார் குப்பண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு.

“கார் இருக்காது. பாப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?”

நான் எட்டிப் பார்த்து, “எதுக்கும் ஒரு தடவை எடை போட்டுப் பாத்துக்கலாமுங்களே,” என்றேன். என் கொள்கையை மீறி நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

“வேண்டாமுங்க,” என்றார் செங்கோடன். “உங்க மேடையில மறைப்பு இல்லை. ஆடிக் காத்து அடிக்குது. தூக்கிட்டுப் போச்சுன்னா நீங்களா பிடிச்சுத் தருவீங்க?”

நியாயந்தான் என்று மேடைக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் லாரிக் கயிற்றை எடுத்து நாலு பக்கமும் போட்டுக் காரை வேப்பமரத்தில் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். காற்று பலமாக அடிக்கும்போது ஒருவர் ஓடிப்போய் டிக்கி மேல் உட்கார்ந்துகொள்வார்.

மிச்ச வேலைகளும் நடந்தன. டயர் சூடாக இருக்க வேண்டுமே, அதற்காக நாலு சக்கரத்தையும் கழற்றிச் சித்தப்பாவின் கோழிப்பண்ணையில், குஞ்சுகளுக்கு விளக்குப் போட்டிருக்கிற கொட்டகையில் வைத்தார்கள். மூன்று நாளில் குஞ்சுகளுக்கு டயர் பழகிவிட்டது. எடுக்கப் போனபோது விடாமல் கூடவே ஓடிவந்தன. கதவில் குப்பண்ணன் ஏழு எழுதினார். அதைச் சுற்றி ஒரு தாமரையும் இரண்டு கிளியும் வரைந்தார். எழுதாததைச் செய்யக் கூடாதே என்று ராக்கியண்ணன் ஞாபகப்படுத்தினார். “எழுதலைடா, வரைஞ்சிருக்கறேன்,” என்றார் குப்பண்ணன்.

மறுநாள் ரேஸ், சனிக்கிழமையே காரை லாரியில் ஏற்ற வேண்டும். நூற்று நாற்பது கிலோதானே என்று மூன்று பேரும் குனிந்து தூக்கினார்கள். கார் அசையவில்லை. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். ராக்கியண்ணனுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது.

“என்னங்ண்ணா இது, எடை குறைஞ்சும் இந்தக் கனம் கனக்குது?”

“எடை குறைஞ்சிருச்சு, கனம் குறையலை,” என்றார் செங்கோடன். “பாப்பா கனத்தைப் பத்தி எழுதலை.”

பலகை போட்டு என்னையும் சேர்த்துத் தள்ள வைத்து ஏற்றினார்கள். ஏற்றிய பிறகுதான் இரண்டாவது வேலை ஞாபகம் வந்தது. உள்ளே எதுவும் ஆடக் கூடாது. ராக்கியண்ணன் இடுப்பைப் பிடித்தபடி உள்ளே போய் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஆடியதையெல்லாம் இறுக்கினார். எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடிய ஒன்றுக்கு வெல்டிங் வைத்துவிட்டு வந்தார். எடைக்குச் சாட்சி வேண்டும் என்று என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானம் போய்ச் சேர்ந்தோம். வாணி ஓசூரிலிருந்து நேராக வந்திருந்தாள். ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் விதிமுறை சொல்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அதனால் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரியிடம் அண்ணன்மாரே நின்றார்கள். அவர் உள்ளே தலையை விட்டு ஒவ்வொன்றாக ஆட்டினார். ஒன்றும் ஆடவில்லை. “இவ்வளவு இறுக்கமான வண்டியை நான் பார்த்ததில்லை,” என்று கிளிக்குப் பக்கத்தில் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு வாணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். கிளியைப் பார்த்தாள். உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, கிளட்சை மிதித்து இன்ஜினைக் கிளப்பி, கியரில் கை வைத்தாள். கியர் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

“ராக்கிண்ணா, கியருக்கு என்னாச்சு?”

“அதுதான் கண்ணு ரொம்ப ஆடிக்கிட்டு இருந்துச்சு. நாலு பக்கமும் ஆடுச்சு. வெல்டு வச்சுட்டேன்.”

“எந்த கியர்ல?”

“நடுவுலதான். மூணுல. ஒரு பக்கமா வச்சா மத்த கியர் கோவிச்சுக்குமில்ல.”

வாணி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். ஹெல்மெட்டுக்குள் அழுகிற சத்தம் கேட்டது. ஆறு வருஷச் சேமிப்பு, ஒரு வருஷ ரோஷம், இருபது நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் போயே விட்டது. தள்ளி நின்று சுதர்சன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அழுவாத கண்ணு,” என்றார் செங்கோடன். “நீ ஏறுறதுக்கு முன்னாலயே ஆயிரத்து நூறு கிலோ குறைச்சிருக்கறோம். மெதுவாப் பிடி, பறந்துராத.”

அவள் என்ன நினைத்தாளோ, தலையை நிமிர்த்தி, “தள்ளுங்க,” என்றாள். மூன்று பேரும் தள்ளினார்கள். கார் இருமியது, திணறியது, பிறகு பிடித்துக்கொண்டு போயே விட்டது.

முதல் சுற்று இரண்டு நிமிஷம் இருபது. இரண்டாவது பதினைந்து. போன வருஷம் ஒவ்வொரு வளைவிலும் எந்த கியர் போடுவது என்ற தடுமாற்றத்தில்தான் அவளுக்கு நேரம் போயிருந்தது. இந்தத் தடவை தடுமாற ஒன்றுமில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் முழுக்க ரோட்டில். ஐந்தாவது சுற்று இரண்டு நிமிஷம் பதின்மூன்று. ஏழாவது சுற்றுக்குப் பலகையில் எண் விழுந்தது. இரண்டு நிமிஷம் ஒன்பது செகண்ட்.

எண்களைப் பார்த்தே வாழ்கிறவன் நான். எந்த எண்ணைப் பார்த்தும் என் கண் கலங்கியதில்லை. அன்றைக்குக் கலங்கியது.

வாணி இறங்கி வந்து மூன்று அண்ணன்மாரையும் கட்டிக்கொண்டாள். திட்ட வேண்டியதையும் அப்படியே கட்டிக்கொண்டே திட்டினாள். கார் அவளுக்கே நின்றது. சுதர்சன் முகம் சுண்டிப்போய் வந்து செங்கோடனிடம், “சார், வண்டிக்கு என்னதான் பண்ணீங்க?” என்று கேட்டான். செங்கோடன் பெருமையோடு குப்பண்ணனைக் கைகாட்டினார்.

ஊர் திரும்பியதும் அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. குப்பண்ணனை என் மேடையில் ஏற்றினார்கள். நூறு கிலோ. முன்னேயும் நூறுதான்.

“இறங்கினப்ப இவன் கொண்டுபோன எடை இவன்கிட்டயும் இல்லை,” என்றார் செங்கோடன். “கார்லயும் இல்லை. அப்ப இறங்கின இடத்துலயே கிடக்குது.”

வேப்பமரத்தடியில் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். யாராவது தெரியாமல் காலை வைத்து இடறிவிடக் கூடாதே.

அடுத்த புதன்கிழமை சுதர்சன் ஓசூரிலிருந்து தன் காரோடு வந்து இறங்கினான். படித்த பையன், என்ன நினைத்து வந்தானோ தெரியாது. குப்பண்ணன் அவன் காரில் ஏறி, கயிற்றுக்குள்ளேயே ஐந்து தடவை இறங்கிக் கொடுத்தார். வேற்றாள் வண்டி என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார். கூடின எடைக்கும் இடம் வேண்டுமே என்று கம்பைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டார்கள்.

போன வாரம் என் மேடையில் ஒரு சிமெண்ட் லாரி ஏறியது. சிமெண்ட் ஏற்றிய இடத்தில் கொடுத்த சீட்டில் இருந்ததைவிட இருநூறு கிலோ குறைந்தது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக வேப்பமரத்தடிக்குப் போய், “அண்ணா, இங்க சும்மாதானே கிடக்குது, ஒரு இருநூறு கிலோ குடுங்க,” என்று கேட்டார்.

குப்பண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் தோளில் கை போட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

“ஓசூர்த் தம்பியோடது அந்த ஓரத்துல ஐநூறு கிடக்குதுங்க, அவரைக் கேட்டுட்டு எடுத்துக்கங்க. இந்தப் பக்கம் இருக்கறது பாப்பாவோடது. என்னைக்காவது அது காரை வித்தா, வாங்கறவங்களுக்கு எடையோட குடுக்கணுமில்லைங்களா?”