ருஷ்யர் சொன்னதை யார் சொல்வது?

பொம்மய நாயக்க ராஜா பாட ஆரம்பித்தால் அரண்மனைப் புறாக்கள்கூட ஊரைக் காலி செய்துவிடும். ஆனால் யாரும் வாய் திறக்க முடியாது. பாட்டைக் குறை சொல்லும் வாய்க்கு நூறு சாட்டையடி என்பது சட்டம்!

ஒருநாள் கப்பல் வியாபாரி திமோபெய் என்ற ருஷ்யர் சபைக்கு வந்தார். ராஜா விடுவாரா? பாடித் தீர்த்தார். ருஷ்யர் முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னார்?" என்று ஆவலாகக் கேட்டார் ராஜா.

மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி இருளப்பப் பிள்ளை மனசுக்குள் வழி தேடினார். 'யானைக்கு வயிறு வலிக்கிறது, வைத்தியரைக் கூப்பிடுங்கள்' என்றல்லவா அந்த மனுஷன் சொல்லித் தொலைத்திருக்கிறார்! 'வலித்தது' என்றாவது மாற்றி, பழைய கதையாக்கிவிடலாமா? அடுத்தவர் பேச்சைத் திருப்பிச் சொன்னாலும் ருஷ்யர்கள் வினையின் காலத்தை மாற்றமாட்டார்களே. நம்ம தமிழ் மாதிரியேதான். பாழாய்ப்போன இலக்கணம்!

மந்திரி சங்கரமூர்த்திக்கோ ஒரே குஷி. துபாஷி வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அலைந்துகொண்டிருந்தவர் அவர்.

"ஒரு சொல் மாறக்கூடாது, பிள்ளைவாள்! என் மைத்துனனுக்கும் ருஷ்ய மொழி தெரியும். வெளியேதான் நிற்கிறான். பொய் சொன்னால் வேலை போச்சு!"

மெய் சொன்னால் முதுகு போச்சு. பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, அந்நியர் பேச்சை மந்திரி வாயால் அறிவிப்பதுதானே சபை மரியாதை? நான் அவர் காதில் சொல்கிறேன். அவர் சபைக்குச் சொல்லட்டும்."

"அதுதான் முறை" என்றார் ராஜா.

பிள்ளை ஒரு சொல் மாறாமல் காதில் ஓதினார். மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. நூறு அடி! அவர் ராஜாவை நோக்கிக் கும்பிட்டார்.

"மகாராஜா... தேனாக இருக்கிறதாம். இன்னும் பாடச் சொல்கிறார்!"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பாட்டை எட்டுக்கட்டையில் பிடித்தார். ருஷ்யர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வாசலைப் பார்த்து ஓடினார்.

பாட்டு நின்றது. ராஜாவின் மீசை துடித்தது.

"யோவ் பிள்ளை! இன்னும் பாடச் சொன்னவர் ஏன் ஓடுகிறார்?"

பிள்ளை கைகட்டி, மந்திரியைப் பணிவாகக் காட்டினார்.

"இன்னும் பாடச் சொன்னவர் ஓடவில்லை, மகாராஜா. இதோ, இங்கேதான் நிற்கிறார்!"

ராஜா மந்திரியின் முழியைப் பார்த்தார். விஷயம் புரிந்துபோயிற்று. சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கைக்காப்பைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, மந்திரியின் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டீர், மந்திரி. விடியும்வரை பாடுகிறேன்!"