எட்டு பேர் சேரட்டும்

ஓர் அரிசி ஆலையின் கம்ப்யூட்டருக்குள் டிரைவர் என்றொரு வாசல்காரர் இருந்தார். வண்டி ஓட்டுகிறவர் அல்ல. வெளியிலிருந்து கம்பி வழியாகச் செய்தி சுமந்து வரும் பாக்கெட்டுகளை வாசலில் வாங்கி, மணியடித்து, உள்ளே இருக்கும் பிராசஸர் ஐயாவிடம் சேர்க்கிறவர்.

ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஒவ்வொருத்தனுக்கும் மணியடிச்சா நான் எப்பப்பா வேலை பார்க்கிறது? எட்டு பேர் சேரட்டும், அப்புறம் அடி. இல்லேன்னா உன்னைக் கழற்றிட்டு வேற டிரைவரைப் போட்டுக்குவேன்" என்றார்.

டிரைவர் சரியென்று தலையாட்டினார். ஆள் சேராவிட்டாலும் நேரமானால் தானே மணியடிக்கும் கடிகாரம் ஒன்று வாசலில் இருந்தது. வம்பே வேண்டாமென்று அதையும் நிறுத்திவைத்தார். பயந்தவன் செய்கிற காரியம்தான், வேறென்ன.

வரத்துக் குறைந்த ஒரு மத்தியானம், சின்னப் பாக்கெட் ஒன்று மூச்சிரைக்க வந்தது. நெல் அவிக்கும் பாய்லரின் வெப்பமானி அனுப்பியது அது.

"அண்ணே, பாய்லர் சூடு எல்லை தாண்டிடுச்சு. பக்கத்துலயே செங்கமலம் நெல்லைக் கிளறிக்கிட்டு நிக்கிறா. சீக்கிரம் மணியடிங்க."

டிரைவரின் கை மணிக்கயிறு வரை போய்த் திரும்பியது. ஒற்றை ஆளுக்கு மணியடித்தால் தன் கதி என்னாகுமோ! உட்காரப்பா, இதோ கூட்டம் வந்துவிடும் என்று சமாதானம் சொன்னார்.

எங்கே வந்தது கூட்டம்? வந்ததெல்லாம் அதே வெப்பமானியின் பாக்கெட்டுகள்தான், ஒவ்வொன்றாக. முன்னால் வந்ததைவிடப் பின்னால் வந்தது அதிகம் பயந்திருந்தது. நீராவி சீறுகிறது என்றது ஒன்று. செங்கமலத்துக்கு ஒன்றுமே தெரியாது, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள் என்று அழுதது இன்னொன்று. ஏழாவது பாக்கெட் பேச வாயெடுத்து, முடியாமல் மூலையில் ஒண்டிக்கொண்டது.

இன்னும் ஒரே ஒருத்தர்தானே என்று டிரைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாழாய்ப்போன அந்த ஒருத்தருக்காகக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் பாய்லர் இணைப்பில் இருக்கிறது என்று காட்ட, கம்பியின் முனையில் எந்நேரமும் ஒரு பச்சை விளக்கு எரியும். அது அணைந்தது.

டிரைவர் தன்னை மறந்து மணியை அடித்தார். ஐயா எரிந்து விழவில்லை. ஏழு செய்திகளையும் ஒரே மூச்சில் படித்தார், முகத்தில் ஈயாடவில்லை. பாய்லரை நிறுத்தச் சொல்லி அப்போதே உத்தரவு எழுதி நீட்டினார்.

"ஓடு, அதே கம்பியில உடனே அனுப்பு. முதல் ஆள் வந்தப்பவே ஏன்யா அடிக்கல?"

டிரைவர் உத்தரவை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எங்கங்கய்யா அனுப்புறது?" என்றார். "அந்தப் பக்கம் வாங்கிக்க யாரும் இல்லீங்க."