ஆவணியில் வந்த வண்டி

“அம்மா, எனக்கு ஒரு வண்டி அமைய மாட்டேங்கு.”

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆவுடையப்பன் குறையைச் சொல்லிவிட்டார். வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய், ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர் அவர். ஐம்பது தாண்டியவர். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் பஸ்ஸுக்கு நின்று நனைவார். நனைந்த வேட்டியோடு சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாரல் மனிதனை நேராக நனைக்காது, பக்கவாட்டில் வந்து நனைக்கும். குடை பிடிப்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

மொழியம்மா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். முழுப்பெயர் குழல்வாய்மொழி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன மடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஒரு செம்பைக் கவிழ்ப்பார், ஒரு திரியைத் தூண்டுவார், வந்தவர் புரிந்துகொண்டு போக வேண்டும். அதனாலேயே ஊரில் அவருக்குப் பெயர். நேராகச் சொல்லிவிட்டால் யார் மதிப்பார்கள் என்று அவருக்கும் உள்ளூர ஒரு நினைப்பு இருந்திருக்கலாம்.

“என்ன மாதிரி வண்டி வேணும் அண்ணாச்சி?”

“பழசு போதும்மா. ஆனா எல்லாத்துக்கும் ஆகணும். மெயின் ரோட்டுல வேலைக்குப் போகணும். ஈரத்துல பிரேக் பிடிச்சா வழுக்கப்பிடாது. ராவெல்லாம் மழையில நின்னாலும் காலையில கிளம்பணும். வயக்காட்டுச் சேத்துலயும் போகணும்.”

“வயக்காட்டுல என்ன சோலி?”

“கோமு அக்கா ஊரு அங்கனதான இருக்கு.”

கோமு அவருடைய கூடப்பிறந்த அக்கா. அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். அவர் வேலைக்குப் போகிற வழியில்தான் அவள் ஊருக்குப் பிரிகிற விலக்கு. அந்த விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியே நடக்க வேண்டும். சித்திரையிலிருந்து அவள் படுத்த படுக்கை.

“அக்கா எப்படி இருக்காங்க?”

“தினமும் போன் போடுதா. ‘தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ’ன்னு சொல்லுதா. வண்டி வாங்கினதும் தினமும் வாரேன்க்கான்னு சொல்லியிருக்கேன். வேலை விட்டு வரும்போது அப்படியே ஒரு வளைப்பு வளைச்சா அவ வீடு. அதுக்குத்தான இந்தப் பாடு.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமைதான் வண்டி பாக்கப் போறேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பொறுப்பு தெரிந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிக்கத் தோன்றாது.

மொழியம்மா உள்ளே போய் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

“எதிர்த்த வீட்டுல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். கஞ்சி சூடா இருக்கு. கொண்டு கொடுத்துட்டு வாங்க. மூலையில குடை கிடக்கு பாருங்க.”

மூலையில் வந்தவர் போனவர் மறந்துவிட்ட குடைகள் சாய்ந்து கிடந்தன. ஆவுடையப்பன் ஒன்றை விரித்தார். கம்பி வளைந்திருந்தது. இன்னொன்றை விரித்தார். துணியில் ஓட்டை. அடுத்தது விரியவே இல்லை. அதைத் தட்டி, உதறி, ஊதிப் பார்த்தார்.

மொழியம்மா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“குடை பாத்தாச்சா அண்ணாச்சி?”

“இந்தக் கறுப்பு தேவலைம்மா. கைப்பிடிதான் லேசா ஆடுது.”

மொழியம்மா புன்னகைத்தார்.

ஆவுடையப்பன் வழியெல்லாம் அந்தப் புன்னகையை யோசித்துக்கொண்டே போனார். விலக்கைத் தாண்டி பஸ் போனபோது அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. எந்தக் குடையிலும் குறை இருக்கும். வண்டியும் அப்படித்தான். சின்னக் குறை இருந்தால் பாதகமில்லை, தட்டிக் கழிக்காதே என்கிறார் அம்மா.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

*

ஆனி முடியும்போது வண்டி அமைந்தது.

இலஞ்சியில் மைதீன் பிச்சை என்று ஒருவர். மகன் வாங்கிக்கொடுத்த புது வண்டி வந்துவிட்டதால் பழையதை விற்கிறார். ஆவுடையப்பன் அதை மழையிலேயே ஓட்டிப் பார்த்தார். சேற்றில் இறக்கி ஏற்றினார். ஈர ரோட்டில் பிரேக் பிடித்தார். பின்சக்கரம் அரைச் சாண் கூட நழுவவில்லை. தண்ணீரை மொண்டு என்ஜின் மேல் ஊற்றிவிட்டு உதைத்தார். முதல் உதையில் கிளம்பியது.

“எடுத்துட்டுப் போங்க,” என்றார் மைதீன் பிச்சை.

“இன்னைக்கு அஷ்டமில்லா பாய்.”

“சரி, நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு ஆடி பிறக்கு.”

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் கல்யாணம் பேச மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், வண்டி வாசலுக்கு வராது. தள்ளுபடியில் துணி எடுப்பதற்கு மட்டும் ஆடி யாரையும் தடுத்ததில்லை.

மைதீன் பிச்சை நல்ல மனிதர். “எனக்கு எல்லா மாசமும் ஒண்ணுதான். உங்க மனசு கேக்கல்லன்னா ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க. அதுவரை வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்,” என்றார்.

நல்லவர்கள் சில நேரம் இப்படித்தான் நமக்குக் கேடு செய்கிறார்கள்.

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தார்.

“வண்டி அமைஞ்சிருச்சும்மா. ஆனா ஆடி கழியட்டும்னு விட்டுட்டு வந்தேன். செஞ்சது சரிதானம்மா?”

மொழியம்மா அவரைப் பார்த்தார். “அக்கா என்ன சொல்லுதாங்க?”

“இன்னும் முப்பது நாளுதான்க்கா, ஆவணி பிறந்ததும் தினமும் வந்து நிப்பேன்னு சொன்னேன். சரின்னுட்டா. கொஞ்சம் குரல்தான் கம்மியிருக்கு.”

சுவரில் தேதி காட்டும் நாட்காட்டி தொங்கியது. மொழியம்மா எழுந்து போய் அன்றைய தாளைக் கிழித்தார். திரும்பி வந்து ஆவுடையப்பன் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கி மூடினார்.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்.

மொழியம்மா வாசல்வரை வந்து, அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தார். வீட்டுப் பக்கம்தான் திரும்பினார். கூப்பிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. கூப்பிடவில்லை. புரிகிறபோது புரியட்டும் என்று உள்ளே போய்விட்டார்.

*

ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்பு, மரக்கடைக்குப் போன் வந்தது.

ஆவுடையப்பன் எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். வழக்கமான பஸ்தான் வந்தது. விலக்கில் இறங்கினார். சாரல் வழக்கம்போலப் பக்கவாட்டில் அடித்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தார்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அத்தான் சண்முகையா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சேறோடு நின்ற மச்சினனை நிமிர்ந்து பார்த்தார்.

“எதுல வந்தே?”

“பஸ்ல அத்தான்.”

சண்முகையா தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆவுடையப்பனிடம் பேசவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்திலும் பேசவில்லை.

*

ஆவணி பிறந்தது. சொன்ன சொல் தவறாத மைதீன் பிச்சை தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நிறுத்தினார். விஷயம் அவருக்குத் தெரியாது. வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மாலைகூடப் போட்டிருந்தார். அவரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல ஆவுடையப்பனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அந்த வண்டியிலேயே மடத்துக்கு வந்தார். சாரல் பெய்துகொண்டிருந்தது.

“வண்டி எப்படி அண்ணாச்சி?” என்றார் மொழியம்மா. என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டார்.

“நல்ல வண்டிம்மா. ஒரு குறை சொல்ல முடியாது.”

இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“விலக்குல இருந்து நடந்தேம்மா அன்னைக்கு,” என்றார் ஆவுடையப்பன். “அவ்வளவு தூரமே இல்ல. நாங்கூட ரொம்ப தூரம்னு நினைச்சிருந்தேன். ஒரு பீடி குடிச்சு முடிக்கதுக்குள்ள வீடு வந்துட்டு.”

மொழியம்மா தலை துவட்ட ஒரு துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா.”

“கேளுங்க.”

“அந்தத் தாளைக் கிழிச்சுக் கொடுத்தீங்களே. பொறுமையா இரு, நாள் தன்னால கழியும்னு சொல்லுதீங்கன்னு எடுத்துக்கிட்டேன். அதானம்மா?”

மொழியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்லையா?”

“போன நாளு திரும்பாது,” என்றார் மொழியம்மா. “அக்காவ இன்னைக்கே போய்ப் பாருங்கன்னு சொன்னேன்.”

ஆவுடையப்பனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் மொழியம்மாவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

“வாயால சொல்லியிருந்தா போயிருப்பேம்மா,” என்றார். “நீங்க சொல்லி நான் எதையும் தட்டினதே இல்ல.”

குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்த மடத்திலிருந்து யார் யார் எதை எதைப் புரிந்துகொண்டு போனார்களோ என்று நினைக்கவே மொழியம்மாவுக்குப் பயமாக இருந்தது. போகிறவர்களை அவர் வாசல்வரை வந்து பார்த்திருக்கிறார். ஒருவரைக்கூடத் திருப்பிக் கூப்பிட்டதில்லை.

“வண்டிய எனக்கு வச்சிருக்க மனசில்லம்மா. யாருக்காவது கொடுத்திரட்டுமா? ஒரு வழி சொல்லுங்க.”

இந்த முறை மொழியம்மா செம்பைத் தொடவில்லை, திரியைத் தூண்டவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கி, வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“எடுங்க அண்ணாச்சி.”

“மழை விடட்டும்மா,” என்று சொல்லிவிட்டு, ஆவுடையப்பன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரும் மழையில் இறங்கினார்.

“எங்கம்மா போகணும்?”

“உங்க அத்தான் வீட்டுக்கு.”

“அவுஹ என்கூடப் பேச மாட்டாஹம்மா.”

“நீங்க பேச வேண்டாம். நான் பேசணும்.”

“என்னம்மா பேசப் போறீங்க?”

“உங்க மச்சினன் வராமப் போனதுல எனக்கும் பங்கு உண்டுன்னு,” என்றார் மொழியம்மா. “அத வாயால சொல்லணும்.”