கன்னியாத்தா அவிழ்த்த கயிறு

மரங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கட்டுமரத்தை ஒருமுறை கட்டினால் கட்டியதுதான். மரம் மட்கிப்போகிறவரை கயிற்றை யாரும் அவிழ்ப்பதில்லை. கடலிலிருந்து திரும்பினால் மணலில் இழுத்துப் போடுவார்கள். ஐந்து மரமும் தங்களுக்குள் முணுமுணுத்தபடி கட்டுண்டு கிடக்கும்.

மீனோடு முதலில் கரை சேர்வதற்காகக் கட்டுமரங்கள் முந்திக்கொண்டு வருவதை ஒருநாள் தூரதேசத்துக் கப்பல்காரர்கள் பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த பருவத்தில் வேடிக்கை பார்க்கப் பல தேசத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். குப்பத்துத் தலைவரான நாட்டார் அவர்களுக்குக் கரையில் பந்தல் போட்டுக் கொடுத்தார். இனி வலை வேண்டாம், மீன் வேண்டாம், ஓட்டம் மட்டும் போதும் என்று குப்பத்தாரிடம் சொன்னார். காலையில் ஓர் ஓட்டம், மாலையில் ஓர் ஓட்டம். மரம் காய்வதற்கு நேரமே இல்லை.

எல்லா ஓட்டத்திலும் முந்தியவன் வேலாண்டி. அவன் பெண்சாதி கன்னியாத்தாவுக்கு முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. சின்னையன் முழுகிய நாளோடு அந்தப் பெருமை போயிற்று.

சின்னையன் வேலாண்டியின் கூட்டாளி. நீர் குடித்துக் கனத்த அவன் மரம் நடு ஓட்டத்தில் அமிழ்ந்தது. கயிற்றில் கால் சிக்கி அவனும் அதோடு போனான். பந்தலில் இருந்தவர்கள் அதை ஒரு வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள். எழும்பி வருவான் என்று வெகுநேரம் தட்டினார்கள். அந்தச் சத்தம் கன்னியாத்தாவின் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் ஓட்டத்துக்குக் கொம்பு ஊதினார்கள். கன்னியாத்தா கரைக்கு வந்தபோது வேலாண்டியின் நடுமரம் அவளைக் கூப்பிட்டது.

"தாயி, என் உள்ளெல்லாம் தண்ணி. வெளியே காயுது, கயிறு இறுகின இடம் காயலே. அவிழ்த்துத் தனித்தனியா வெயில்ல போடு. இன்னிக்குப் போனா உன் புருஷனை என்னால தாங்க முடியாது."

அவள் நாட்டாரிடம் போய்ச் சொன்னாள். மரத்துக்குச் சளி பிடித்திருந்தால் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடு என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதை எடுத்துச் சொல்ல, பந்தல் முழுக்கச் சிரித்தது. புருஷனிடம் போனாள். அவன் பந்தலைப் பார்த்தபடியே பேசினான்.

"பாஷை தெரியாதவனெல்லாம் என் பேரைச் சொல்றான் புள்ளே."

"நேத்து சின்னையன் பேரையும் சொன்னான்," என்றாள் அவள். "அவன் முழுகுறப்பவும் சொன்னான்."

வேலாண்டி மரத்தைத் தள்ளக் குனிந்தான்.

கட்டுமரத்துக் கயிற்றில் பெண் கை படக் கூடாது என்பது அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு. கன்னியாத்தா மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். நனைந்து இறுகிய முடிச்சு நகத்துக்கு இளகவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். உதடு கிழிந்தது. ஒரு முடிச்சு விட்டது. பிறகு இன்னொன்று. ஐந்து மரமும் மணலில் உருண்டு விலகின. இதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று பந்தலில் கை தட்டினார்கள்.

வாயில் ரத்தத்தோடு அவள் எழுந்து பந்தலைப் பார்த்து நின்றாள். தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

திரும்பக் கட்டச் சொல்லி நாட்டார் அதட்டினார். ஒருவரும் அசையவில்லை. வேலாண்டி நடுமரத்தின் கயிறு இறுகியிருந்த உள்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். தண்ணீர் கசிந்து விரலிடுக்கில் ஓடியது. அவன் துடுப்பைக் கீழே போட்டான். எழுந்து போய்ப் பக்கத்துக் கட்டுமரத்தின் முடிச்சில் கை வைத்தான். மற்றவர்களும் அவரவர் முடிச்சுக்குப் போனார்கள்.

நடுமரம் கடைசியாகப் பேசியது.

"சின்னையன் மரமும் கத்திக்கிட்டுதான் இருந்துச்சு. கேட்க ஆள் இல்லை. இனி உங்ககிட்ட எங்களுக்குப் பேச்சில்லை. நீங்களே தொட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்குங்க."

கப்பல்காரர்கள் கட்டுமரம் என்ற பேரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் தேசம் தேசமாக, 'கேட்டமரான்' என்று திரிந்த அந்தப் பேரில், இரட்டை உடல் படகுகளைப் பாயேற்றி விரட்டுகிறார்கள். கரையில் கூட்டம் கை தட்டுகிறது. அந்தப் படகுகளில் அவிழ்ப்பதற்கு முடிச்சு இல்லை.

குப்பத்திலோ அன்று முதல்தான், கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் போடுகிறார்கள். மறுபடி கட்டுவதற்கு முன் உள்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். மரம் ஒன்றும் சொல்வதில்லை. அதன் கோபம் இன்னும் ஆறவில்லை.