கீறல் படாத கிட்டார்

"எனக்கு இது வருமா மிஸ்?" என்று கேட்டார் குழந்தைவேலு.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மிஸ்ஸுக்கு இருபத்து நான்கு. பெயர் ஆன்சிலா. திருச்சி பாலக்கரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிப்பாள், முகூர்த்த நாட்களில் கல்யாண ரிசப்ஷனில்.

"வாசிச்சுப் பாத்தாதான சார் தெரியும்" என்றாள்.

"அதுக்கில்ல மிஸ். திருப்பி அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்கு எடுத்துட்டுப் போக ஆள் வருவாரு. இந்த அட்ரஸ்தான் குடுத்திருக்கேன். வரும்னு நீங்க சொன்னா வச்சுக்கறேன். வராதுன்னா குடுத்துடறேன்."

மணி நாலு.

"பெட்டியைப் பிரிங்க" என்றாள் ஆன்சிலா.

புதிதாகக் கற்பவர்களுக்கு என்று போட்டு ஆன்லைனில் விற்கிற, இருப்பதிலேயே மலிவான செட் அது. எலக்ட்ரிக் கிட்டார், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கேபிள், தோளில் மாட்ட ஒரு வார். பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை அவர் நகத்தால் நோகாமல் உரித்தார். உரித்ததைச் சட்டைக் கையில் ஒட்டி வைத்துக்கொண்டார். திரும்ப ஒட்ட வேண்டுமே.

கிட்டாரின் முகத்தில் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. தலையில் கம்பெனி அட்டை தொங்கியது. மடியில் துண்டை விரித்து அதன் மேல் கிட்டாரை வைத்தார். முழங்கை படும் இடத்தில் ஒரு கைக்குட்டை. கிட்டாருக்கு முடிவெட்டப் போகிறார் போலிருந்தது.

"துண்டு எதுக்கு சார்?"

"வேர்வை பட்டா தெரிஞ்சிடும் மிஸ். நான் சேலைக்கடையில எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டர்ல இருக்கேன். இருபத்தேழு வருஷமாச்சு. கட்டின சேலைய மடிச்சுக் கொண்டாந்து புதுசும்பாங்க. மடிப்பைத் தொட்டாலே சொல்லிடுவேன்."

"இதுக்கு முன்னாடி ஏதாவது கத்துக்கிட்டிருக்கீங்களா?"

"ஒரு கீபோர்டு வாங்கினேன். அப்புறம் ஒரு கேமரா. ரெண்டும் வராதுன்னு தோணுச்சு, அனுப்பிட்டேன். ஒரு கீறல் கிடையாது."

பெருமையாகத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"கிட்டார் ஆசை பதினேழு வயசுலேர்ந்து மிஸ். இதுவும் போச்சுன்னா இனிமே எதுக்கும் ஆசைப்படறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

ஆன்சிலா கேபிளைச் சொருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள்.

உர்ர் என்று இரைந்தது.

குழந்தைவேலுவின் முகம் மலர்ந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் சிரித்தார் மனிதர்.

"பாத்தீங்களா, டேமேஜ் பீஸ்!"

"கம்பி மேல கைய வைங்க."

வைத்தார். இரைச்சல் அடங்கியது.

"எடுங்க."

எடுத்தார். மறுபடி உர்ர்.

"வைங்க."

அடங்கியது.

"இது என்ன மிஸ் இப்படி?"

"விலை கம்மியான கிட்டார் சார். தொடாத வரைக்கும் கத்தும்."

அதற்குப் பிறகு அவர் கையை எடுக்கவில்லை.

ஆன்சிலா அவருடைய இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு கம்பியில் வைத்தாள்.

"அழுத்துங்க."

"தேஞ்சுடாதே?"

"எது?"

"கம்பி."

"விரல்தான் சார் தேயும்."

அழுத்தி மீட்டினார். தகரத்தைத் தட்டியது போல் டொக்கென்றது. மறுபடி டொக். ஒரு விரல், ஒரு கம்பி, அரை மணி நேரம். ஆன்சிலா ஜன்னலோரம் போய் நின்று டீ குடித்தாள். வலிக்கிறது என்றார். வலிக்கும் என்றாள்.

நாலே முக்காலுக்கு ஒரு சத்தம் வந்தது. டொக்கில்லை. சுத்தமான ஒரே சுரம், நீளமாக. அது ஓயும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

குழந்தைவேலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்துவிட்டது.

"அப்ப எனக்கு வரும்தான மிஸ்? சொல்லிடுங்க. அந்த ஆள் வந்துடுவாரு."

"உங்க கடையில எந்தச் சேலை சார் திரும்பி வராது?"

இதைப் போய் இப்போது கேட்கிறாளே என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் தொழில் விஷயம், வாய் தானாகப் பதில் சொன்னது.

"ஓரத்துல ஃபால்ஸ் துணி தச்சது வராது. எங்க ரூல்படியும் எடுக்க மாட்டோம். ஆனா ரூலே வேண்டாம் மிஸ். தச்சவங்க கொண்டாரவே மாட்டாங்க."

"ம்" என்றாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் உள்ளே வந்தார். முதுகில் பெரிய பை, நரைத்த மீசை.

"ரிட்டர்ன் பிக்கப் சார்."

குழந்தைவேலு மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, கேபிளைக் கழற்றி, கிட்டாரை நீட்டினார்.

வந்தவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார், பெட்டியின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். அசந்துபோனார்.

"எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன் சார். இவ்ளோ சுத்தமா யாரும் திருப்பிக் குடுத்ததில்ல. மனுஷன் கை பட்ட மாதிரியே தெரியல."

இருபத்தேழு வருஷத்தில் குழந்தைவேலு எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பிய பாராட்டுதான் அது. தனக்கென்று கேட்டபோது முகத்தில் அறைந்தது போலிருந்தது. கையைப் பார்த்தார். விரல் நுனியில் கம்பி பதிந்து சிவப்பாக ஒரு கோடு கிடந்தது.

"காரணம் என்ன சார் போடட்டும்? பிடிக்கலையா, டேமேஜா?"

குழந்தைவேலு அவர் கையிலிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மிஸ்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அடுத்த விரலை எங்க வைக்கணும்?"