குட்டை மூங்கிலில் பாடிய கரடி

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கும் குளத்துக்கும் நடுவே, ஓர் இசைக் கல்லூரி நடந்து வந்தது. கூரை கிடையாது, மணி கிடையாது. வாத்தியார் வந்து நின்றால் வகுப்பு. பறந்து போனால் விடுமுறை.

வாத்தியார் ஒரு நாரை. அதற்குப் பாட வராது. ஆனால் காது மகா கூர்மை. நீண்ட அலகை 'டக் டக்' என்று தட்டினால் தாளம் இம்மியும் பிசகாது.

"பாடத் தெரியாதவர் பாட்டு வாத்தியாரா?" என்று முதல் நாள் ஒரு தவளை கேட்டது.

நாரை அதை ஒரு பார்வை பார்த்தது. நாரைகள் தவளை தின்னும் என்பது தவளைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அதன் பிறகு அது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. குளக்கரையில் வெட்டிய மூங்கில்களை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொரு மூங்கிலுக்குள்ளும் ஒரு வண்டு குடியிருந்தது. பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் அந்த வண்டு 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்யும். அதுதான் சுருதி. குட்டை மூங்கிலில் உயர்ந்த சுருதி, நெட்டை மூங்கிலில் தாழ்ந்த சுருதி.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு மூங்கிலாகப் போய் உட்கார்ந்து "ஸ" என்று பாடிப் பார்க்க வேண்டும். குரல் எந்த ரீங்காரத்தோடு ஒட்டிக்கொள்கிறதோ, அதுவே அவருடைய இடம். அந்த இடம் தெரியும் வரை "ரி" கூடச் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்த ஆண்டு முதல் வகுப்பில் ஒரு கரடியும் வந்து சேர்ந்தது.

கரடி ஏன் பாட்டுக் கற்க வந்தது என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? அதற்கு ஒரு மனக்குறை. அது தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தால் போதும், கரையில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து ஓடிவிடுவார்கள். போகிற போக்கில், "சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல வந்துவிட்டதே!" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்.

"நான் எந்தப் பூஜையில் நுழைந்தேன்? தண்ணீர் குடிக்கத்தானே வந்தேன்?" என்று கரடி தனியாக நின்று கேட்கும். பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

குயில் பாடினால் மட்டும் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். அதைப் பார்த்த கரடி, 'நானும் பாடினால் என்னோடும் உட்காருவார்கள்' என்று எண்ணிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டது.

முதல் பாடத்தில் குயில் நேராகக் குட்டை மூங்கிலருகே போய் உட்கார்ந்தது. "ஸ" என்றது. பொருந்திவிட்டது. தவளைக்கு நடுவில் ஒரு மூங்கில் கிடைத்தது.

கரடியின் குரல் எதனோடும் ஒட்டவில்லை. கடைசியில் மிஞ்சியது நெட்டை மூங்கில். அது வரிசையின் கோடியில், நாணற் புதருக்குள் பாதி மறைந்து நின்றது. அங்கே யாரும் உட்கார்ந்ததே இல்லை. உள்ளே இருந்த வண்டுக்கு வேலையும் இருந்ததில்லை.

கரடி அங்கே உட்கார்ந்தது. வண்டு திடுக்கிட்டு விழித்து ரீங்காரம் செய்தது.

"ஸ" என்றது கரடி. மூங்கில் அடி முதல் நுனி வரை அதிர்ந்தது.

"இதுதான் உன் இடம்" என்றது நாரை.

கரடியின் முகம் வாடிவிட்டது. "இது உறுமல் மாதிரி இருக்கிறதே, ஐயா?"

"உறுமல் இல்லை. ஸ."

"எனக்குக் குயில் பாடுகிற ஸ வேண்டும்."

"அது குயிலுடையது."

"பாடப் பாட ராகம் என்று சொல்வார்களே! பழகினால் வந்துவிடாதா?"

"பழகினால் ராகம் வரும். தொண்டை மாறாது" என்றது நாரை. அது எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

கரடி கேட்கவில்லை. மறுநாளே குயிலின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கரடியாரே. நீங்கள் மூச்சு விட்டால் என் இறகு பறக்கிறது" என்றது குயில்.

கரடி கழுத்தை நீட்டியது. கால் விரல் நுனியில் எழும்பி நின்றது. முக்கி முனகி "ஸ" என்றது. குட்டை மூங்கிலின் வண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் ரீங்காரத்தையே நிறுத்திவிட்டது.

அந்த வகுப்பில் ஒரு நரியும் இருந்தது. அது பாட்டுக் கற்க வரவில்லை. யாரிடம் என்ன கிடைக்கும் என்று பார்க்க வந்திருந்தது. கரடியின் குகையில் எப்போதும் தேனடை இருக்கும் என்பது அதற்குத் தெரியும்.

வகுப்பு முடிந்ததும் நரி மெல்லக் கரடியோடு நடந்தது.

"கரடியாரே, குயில் தேன் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லையே."

"ஏன் சாப்பிடுவதில்லை? தேன் தொண்டையில் படிந்து குரலைத் தடிக்கவைத்துவிடும். நீங்களோ பால்குடி மறந்த நாள் முதல் தேனும் கையுமாக இருக்கிறீர்கள். குரல் எப்படி மெலியும்?"

கரடி யோசித்துப் பார்த்தது. குயில் தேன் சாப்பிடுவதில்லை, குரல் இனிமை. தான் தேன் சாப்பிடுகிறது, குரல் தடிமன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

"அப்படியானால் குகையில் இருக்கும் தேனை என்ன செய்வது, நரியாரே?"

நரி பெருமூச்சு விட்டது. "வீணாக்கக் கூடாது. எனக்குப் பாட்டு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? உங்களுக்காக அந்தச் சனியனை நானே சாப்பிட்டுத் தொலைக்கிறேன்."

"என் மேல் உமக்கு இவ்வளவு அன்பா!" என்று கரடி உருகிப்போனது.

அன்று முதல் கரடி மரம் ஏறும், தேனீயிடம் கொட்டு வாங்கும், தேனடையைக் கொண்டுவந்து நரியிடம் கொடுக்கும். தானோ குயிலைப் போல நாலு பழத்தைக் கொத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். நரி பருத்தது. கரடியின் தோல் தொங்கியது. குரல் மட்டும் மெலியவே இல்லை.

"மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள்" என்று குயில் ஒருநாள் சொல்லிப் பார்த்தது.

"வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே எடுக்க!" என்றது கரடி.

மழைக்காலம் முடிந்து குளம் நிரம்பியதும் அரங்கேற்றம் வந்தது. காடே கரைக்குத் திரண்டு வந்து உட்கார்ந்தது. மான்கள் குட்டிகளோடு முன்வரிசையில் இருந்தன. கரடி அந்தக் குட்டிகளைப் பார்த்தது. 'இன்று ஒரு நாள் இவர்கள் எழுந்து ஓடாமல் இருந்தால் போதும்' என்று நினைத்தபோது அதற்குக் கண் கலங்கியது.

தவளை பாடியது. கைதட்டல். குயில் பாடியது. பெரிய கைதட்டல்.

கரடி குட்டை மூங்கிலருகே போய் நின்றது. நாரை அலகைத் தட்டியது.

கரடி கழுத்தை இறுக்கி, "ஸ... ரி... க... ம..." என்று தொடங்கியது. கீச்சென்று ஒரு குரல் எப்படியோ வெளியே வந்தது.

"பரவாயில்லையே!" என்றது ஒரு மான்.

"ப" என்றபோது கரடிக்குக் கழுத்து புடைத்தது. "த" என்றபோது கண் பிதுங்கியது. "நி" என்றபோது கால் நடுங்கியது. இன்னும் மேல் "ஸ" ஒன்றுதான் பாக்கி. கரடி மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி எம்பியது.

குரல் உடைந்தது. வெளியே வந்தது ஸ அல்ல, ஓர் உறுமல். பிறந்தது முதல் கரடி அப்படி உறுமியதே இல்லை.

அவ்வளவுதான். மான்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடின. தவளை குளத்தில் குதித்தது. குயில் மர உச்சிக்குப் பறந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடியது நரிதான். கரையில் நாரை மட்டும் மிஞ்சியது. அதுவும் கொஞ்சம் பின்வாங்கித்தான் நின்றது.

கரடி ஆளில்லாத கரையோரமாக நடந்தது. பசி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். வரிசையின் கோடிக்கு வந்ததும் கால் ஓய்ந்துபோனது. எங்கே உட்காருகிறோம் என்று கூடப் பார்க்காமல் நாணற் புதருக்குள் பொத்தென்று உட்கார்ந்தது. தேம்பித் தேம்பி அழுதது.

நெட்டை மூங்கிலுக்குள் வண்டு விழித்துக்கொண்டது. நெடுநாளைக்குப் பிறகு பக்கத்தில் யாரோ வந்திருக்கிறார்கள்! அது தன் வேலையைத் தொடங்கியது.

"ம்ம்ம்..."

கழுத்தை நீட்டக் கரடிக்கு இப்போது தெம்பில்லை. குரல் எங்கே கிடந்ததோ அங்கேயே அதை விட்டது.

"ஸ..."

ஒட்டிக்கொண்டது. முக்க வேண்டியிருக்கவில்லை, முனக வேண்டியிருக்கவில்லை. கரடிக்கே ஆச்சரியம். மெல்ல "ரி" என்றது. பிறகு "க" என்றது. மேல் "ஸ"வுக்குப் போய், அவசரமில்லாமல் திரும்பியும் வந்தது. மூங்கில் அதிர்ந்தது. குளத்துத் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன.

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மான் எட்டிப் பார்த்தது.

"யார் பாடுவது?"

"கரடி" என்றது நாரை.

"கரடியா? அப்படியானால் சற்று முன்பு பாடியது யார்?"

"அதுவும் கரடிதான்."

மான் தயங்கித் தயங்கி வந்தது. தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டு ஓடவில்லை. கரடிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு காதைத் திருப்பிக் கேட்டது. அதைப் பார்த்துக் குட்டிகள் வந்தன. மற்றவர்களும் வந்தார்கள். கரடி கண்ணை மூடிக்கொண்டு பாடியது. திறந்தால் ஓடிவிடுவார்களோ என்று அதற்குப் பயம். நாரை பக்கத்தில் வந்து நின்று தாளம் தட்டியது.

மறுநாள் காலையில் நரி வழக்கம்போலக் குகை வாசலில் வந்து நின்றது.

"கரடியாரே, இன்றைய தேன் எங்கே?"

கரடி தேனடையை மென்றுகொண்டிருந்தது. நிதானமாக விழுங்கியது. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தது. நெட்டை மூங்கிலின் சுருதியில் ஒரே ஒரு சொல் சொன்னது.

"இல்லை."

குகை முழுவதும் அந்தச் சொல் அதிர்ந்தது. நரி திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பிறகு அது கல்லூரிப் பக்கமே தலைகாட்டவில்லை.

சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல என்று அந்தக் காட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. மனிதர்கள்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கச்சேரியைக் கேட்கவில்லை.

நீதி: தன் சுருதியை அறிவதே முதல் பாடம், அடுத்தவர் சுருதியில் பாடப் போனால் நல்ல குரலும் உறுமலாகும்.